அப்பா பெயரில் ஒரு கோழிப் புத்தகம்

இருபத்தாறாயிரத்து நானூறு. பதினெட்டு ஆண்டுகளில் தங்கமணி எழுதியும், மங்கியதை மீண்டும் எழுதியும், வரிசை பார்த்துச் செருகியும் வைத்த கார்டுகளின் எண்ணிக்கை அது. பிரிக்பீல்ட்ஸ் தம்பிப்பிள்ளை சாலையில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த வளர்மதி சங்க நூலகத்தில் எண்ணாயிரத்து எண்ணூறு புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கார்டு. ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, எதைப் பற்றிய புத்தகம் என்று சொல்லும் பொருள் கார்டு ஒன்று. மூன்று தேக்கு அலமாரிகள், அறுபது இழுப்பறைகள், எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்.

1991 ஆகஸ்டில் அந்தக் கார்டுகளுக்கு வேலை இல்லாமல் போனது. சங்கம் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டது.

தங்கமணி 1949இல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா நாகையாவுக்குத் தண்டவாளம் பழுதுபார்க்கும் வேலை. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. இருபத்திரண்டு வயதில் நூலகத்துக்கு வந்தார், தரை துடைக்க. அலமாரிகளைத் தூசி தட்டுவதும் அதே வேலையில் அடக்கம். தூசி தட்டுகிறவர்கள் பொதுவாகப் புத்தகங்களை உயரம் பார்த்துத் திரும்ப அடுக்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும், அப்புறம் ஒன்றும் கிடைக்காது. இந்தப் பெண் புத்தக முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து அடுக்கினார். எப்படித் தெரியும் என்று சங்கத் தலைவர் சண்முகரத்தினம் கேட்டபோது, எண் எதற்கு ஒட்டியிருக்கிறார்கள் என்று யோசித்தேன், வேறு காரணம் தோன்றவில்லை என்று பதில் வந்தது. இரண்டு வருடத்தில் துடைப்பம் வேறொருவர் கைக்குப் போனது. தங்கமணி கார்டு எழுத உட்கார்ந்தார்.

சண்முகரத்தினம் அரசாங்கக் கணக்காய்வுத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத் தமிழர். கழுத்துப் பித்தானைப் போடாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. விதி என்றால் அவருக்கு விதிதான். எல்லாக் கார்டிலும் அடியில் ஆங்கில எழுத்தில் முழு விவரமும் ஒரு வரி இருக்க வேண்டும் என்று 1958இலேயே அவர் போட்ட விதியைத் தங்கமணி ஒரு கார்டில்கூட மீறியதில்லை.

கார்டு எழுதுவது பாதி வேலைதான். வருகிறவர்களுக்கும் கார்டுகளுக்கும் நடுவே நிற்பது மீதிப் பாதி. வாசகர்கள் முக்கால்வாசிப் பேர் வந்ததும் தலைப்பு இழுப்பறையைத்தான் இழுப்பார்கள். தலைப்பு மட்டும் அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. பங்சாரிலிருந்து வருகிற ஓர் ஆசிரியை ஆறு வருடமாக ஒரே புத்தகத்தைத் தவறான தலைப்பில் தேடி, இந்த நூலகத்தில் அது இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தங்கமணி அவரிடம் தலைப்பைக் கேட்கவில்லை. அந்தப் புத்தகத்தில் எது உங்களுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரியும் என்று கேட்டார். எழுதியவர் ஒரு பல் டாக்டர் என்றார் ஆசிரியை. டாக்டர் பட்டத்தோடு எழுதியவர்கள் ஒன்பது பேர்தான். பத்து நிமிடத்தில் புத்தகம் கையில் இருந்தது.

இந்தக் கேள்வியை அவர் பத்துமலை முருகன் கோயிலில் கற்றார். தைப்பூசத்துக்குத் தைப்பூசம், கூட்டத்தில் தவறிப்போனவர்களைச் சேர்த்துவைக்கும் கூடாரத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பதினோரு வருடம் தொண்டு செய்தவர் அவர். பிள்ளையைத் தொலைத்த தாய் ஓடி வந்ததும் முதலில் சொல்வது சட்டை நிறம். அன்றைக்குப் பத்துமலையில் எல்லாச் சட்டையும் மஞ்சள். ஒரு வருடம் காஜாங்கிலிருந்து வந்த ஒருத்தி இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

“அக்கா, இங்க யாரு மஞ்ச போடல, நீங்களே சொல்லுங்க. கால்ல என்ன போட்டிருந்தான்?”

“சிலிப்பர். ஒரு கால்ல மட்டும். இன்னொண்ண பஸ்ஸுலயே விட்டுட்டான், சனியன்.”

ஒற்றைச் சிலிப்பர் போட்ட பையன் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார் தங்கமணி. கால் மணி நேரத்தில் ஒரு போலீஸ்காரர் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிலிப்பர் அப்போதும் ஒன்றுதான்.

இந்தத் திறமைக்கு வீட்டில் மரியாதை இல்லை. கணவர் வேலாயுதம் காய்கறி லோரி ஓட்டுகிறவர். ஊரார் புத்தகத்தை எல்லாம் கண்டுபிடிக்கிறவள் வீட்டில் தன் லோரி சாவியை மட்டும் கண்டுபிடித்துத் தர மாட்டாள் என்று இரண்டு மகள்களிடமும் தினமும் குறை சொல்வார். சாவிக்குக் கார்டு எழுதவில்லை என்பது தங்கமணியின் பதில்.

கம்ப்யூட்டர் ஜூலை கடைசியில் வந்தது. சங்கத்தின் முன்னேற்ற நிதியில் பாதி, கிள்ளானைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் அந்தோனிப்பிள்ளையின் நன்கொடையில் பாதி. கார்டுகளை மூன்று மாதம் முன்பே பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்துக்கு வேனில் அனுப்பியிருந்தார்கள். அங்கே தமிழ் தெரியாத தட்டச்சர்கள் அடியில் இருந்த ஆங்கில வரியை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் உள்ளே ஏற்றிவிட்டார்கள். கார்டுகள் திரும்பி வந்தன. அலமாரிகளைக் கயிறு போட்டுக் கட்டிச் சுவரோரம் தள்ளினார்கள். செப்டம்பரில் ஒரு மரச்சாமான் கடைக்காரர் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. கம்ப்யூட்டர் மேசையில் உட்கார்ந்து வாசகர்களுக்கு உதவ ஒருவர் தேவை, நிரந்தர வேலை. தகுதிகளில் மூன்றாவது வரி: கம்ப்யூட்டர் சான்றிதழ். கார்டு வேலை ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிகிறது என்று சண்முகரத்தினம் தங்கமணியைக் கூப்பிட்டுச் சொன்னார். அவரை வெளியே அனுப்பச் சங்கத்துக்கு மனமில்லை. ஆகவே பழைய வேலை காத்திருக்கிறது. மாடிப்படி, தரை, ஜன்னல்.

இருபது வருடம் கழித்து அதே வாளி. மறுநாள் காலை தங்கமணி அந்தக் கம்ப்யூட்டர் மேசை வேலைக்கே மனு எழுதிக் கொடுத்தார். சான்றிதழ் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். சண்முகரத்தினம் மனுவை வாங்கிப் படித்து, மடித்து, மேசையின் இடது பக்கத்தில் வைத்தார். வலது பக்கத்தில் ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருந்த இரண்டு பேரின் மனுக்கள் இருந்தன.

தங்கமணிக்குக் கம்ப்யூட்டர் மேல் கோபம் இல்லை. சொல்லப்போனால் ஆசை. பச்சை எழுத்து மின்னும் அந்தத் திரையில் நான்கு வழி காட்டியது: ஆசிரியர், தலைப்பு, பொருள், எண். தன் மூன்று அலமாரிகளும் ஒரு பிஸ்கட் டின் அளவுப் பெட்டிக்குள் போயிருந்தால் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. மத்தியான வேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் உட்கார்ந்தார். தெரியாத புத்தகத்தைத் தேடவில்லை. அலமாரியில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, அதை இயந்திரம் எப்படியெல்லாம் கண்டுபிடிக்கிறது, எப்படியெல்லாம் கைவிடுகிறது என்று சோதித்தார். நாளைக்கு ஐந்து புத்தகம், ஒன்பது நாள். மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டில் முடிவுகளை எழுதினார்.

தலைப்பில் தேடினால் முதல் சொல் சரியாக இருக்க வேண்டும். நடுச்சொல் மட்டும் தெரிந்தால் பயனில்லை. அதுவும் புத்தகத்தின் அட்டையில் இருக்கும் பெயரில்லை, உள்ளே முதல் தாளில் அச்சிட்ட பெயர். கார்டு விதி அது, தட்டச்சர்கள் அப்படியே ஏற்றியிருந்தார்கள். பொருளில் தேட ஆங்கிலச் சொல் வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

ஏழாம் நாள் ஒரு விளையாட்டுக்காகக் கணவரின் பெயரை ஆசிரியர் பகுதியில் தட்டினார். புத்தகமே படிக்காத வேலாயுதத்தின் பெயரில் பத்தொன்பது புத்தகங்கள் வந்து நின்றன. ஒன்றையும் எந்த வேலாயுதமும் எழுதவில்லை. அதில் ஒன்று முத்துக்குமாரு என்பவருடைய மூலிகைப் புத்தகம். முத்துக்குமாருவின் அப்பா பெயர் வேலாயுதம்.

தங்கமணி சாப்பாட்டை மறந்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளைக்காரர் பெயரில் கடைசிச் சொல் குடும்பப் பெயர், அதை முன்னால் வைத்துத்தான் வரிசைப்படுத்துவார்கள். பெட்டாலிங் ஜெயாக்காரர்கள் அதே வழக்கத்தை எல்லாருக்கும் போட்டுவிட்டார்கள். நம் பெயரில் கடைசிச் சொல் அப்பா. ஆக, முழுப் பெயரோடு எழுதிய ஆண்கள் எல்லாரும் அவரவர் அப்பாவின் பெயருக்குக் கீழே போய்ச் சேர்ந்திருந்தார்கள். கல்யாணமான பெண்கள் புருஷன் பெயருக்குக் கீழே. சண்முகரத்தினம் என்று தட்டிப் பார்த்தார். ஒரே ஒரு புத்தகம் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தனியாகச் சிரித்தார்.

தலைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். தலைவர் கம்ப்யூட்டர் திறப்பு விழா அழைப்பிதழ் உறைகளில் முகவரி எழுதிக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாததா, விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அடுத்த உறையை எடுத்தார்.

விழா ஆகஸ்ட் 17, சனிக்கிழமை காலை. எண்பது பேர் வந்தார்கள், நாற்காலி அறுபதுதான். மாடிப்படி வரைக்கும் ஆள். கம்ப்யூட்டருக்கு மாலை போடலாமா என்று யாரோ கேட்டு, விற்ற கம்பெனியின் பிரதிநிதி ஜெயராஜ் பதறிப்போய் வேண்டாம் என்றார். முப்பது வயதுக்காரர், டை கட்டியவர், பங்சாரில் வீடு. இயந்திரங்களை விற்பது அவர் வேலை, உள்ளே ஏற்றியது வேறு ஆட்கள். காலையில் வந்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. சிறப்பு விருந்தினர் அந்தோனிப்பிள்ளை ஒரு புத்தகம் எழுதியவராம். அவர் பொத்தானை அழுத்த, அவருடைய புத்தகமே திரையில் வந்தால் எப்படி இருக்கும்! தலைவர் மகிழ்ந்து சம்மதித்தார். தங்கமணிக்கு இது தெரியாது. அவர் பின்னறையில் எண்பது பேருக்குத் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார்.

அந்தோனிப்பிள்ளைக்கு எழுபத்தொரு வயது. ரயில்வேயை விட்ட பிறகு கிள்ளானில் முந்நூறு கோழி வளர்த்தார். அதைப் பற்றித்தான் புத்தகம். சொந்தச் செலவில் அச்சடித்து, மகள் மகன் வீடுகளுக்கெல்லாம் ஐந்து ஐந்து கொடுத்து, இந்த நூலகத்துக்கும் தன் கையால் கொண்டுவந்து தந்திருந்தார். பேரப்பிள்ளைகள் மூன்று பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெயராஜ் ஆசிரியர் பகுதியில் அந்தோனிப்பிள்ளை என்று தட்டினார். விருந்தினர் பொத்தானை அழுத்தினார். கைதட்டல். திரையில் ‘தியாடா ரெக்கோட்’ என்று மலாயில் வந்தது. அப்படி ஒரு பதிவே இல்லை.

கைதட்டல் பின்வரிசையில் கொஞ்சம் தாமதமாக நின்றது. ஜெயராஜ் மறுபடி தட்டினார். மறுபடி இல்லை. சிரித்துக்கொண்டே, தலைப்பில் பார்த்துவிடுவோம் சார் என்றார். புத்தகத்தின் பெயர் ‘கோழிச் செல்வம்’ என்று விருந்தினர் சொன்னார். அது அட்டையில் இருந்த பெயர். உள்தாளில் அச்சகக்காரர் ‘வீட்டுப் பண்ணை முறைகள்’ என்று போட்டிருந்ததை அவரே மறந்துவிட்டார். ஜெயராஜ் ‘கோழி’ வரைக்கும் தட்டினார், அந்தச் சொல்லில் தொடங்குவதெல்லாம் வரட்டும் என்று. நான்கு வந்தன. நான்கும் சமையல் புத்தகம். முதலாவது கோழிக் குருமா.

“என்ன தம்பி, என்ர கோழியள வளக்கிற புத்தகத்தக் கேட்டா, வெட்டிச் சமைக்கிற புத்தகத்தக் காட்டுறீர்?”

சபை சிரித்தது. பேரப்பிள்ளைகள் சிரிக்கவில்லை. கடைசிப் பேத்தி, தாத்தா புத்தகமே எழுதவில்லையா என்று தன் அம்மாவிடம் கேட்டது முன்வரிசை முழுக்கக் கேட்டது. சண்முகரத்தினம் கழுத்துப் பித்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் தங்கமணி தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். ஜெயராஜின் நெற்றியைப் பார்த்தார். தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தார். வாயை மூடிக்கொண்டு பின்னறைக்குப் போயிருக்கலாம். விழாவில் குறுக்கே நுழைந்தால், ஏற்கெனவே மேசையின் இடது பக்கத்தில் கிடக்கும் மனு குப்பைக்கூடைக்குப் போகும் என்பது அவருக்குத் தெரிந்ததே. ஆனால் அந்தப் புத்தகத்துக்குக் கார்டு எழுதியது அவர். அது மூன்றாம் புத்தக அலமாரியில் இருந்ததை முந்தாநாள் கண்ணால் பார்த்ததும் அவர்.

“ஐயா, மன்னிச்சுக்குங்க. உங்க அப்பா பேரு என்ன?”

ஒரு விருந்தினரிடம், அதுவும் எண்பது பேர் முன்னிலையில், தேநீர் கொண்டுவந்த பெண் கேட்கிற கேள்வியா இது என்று பலருக்குத் தோன்றியது. தலைவர் எழுந்தேவிட்டார். அந்தோனிப்பிள்ளைக்கு மட்டும் சுவாரஸ்யமாக இருந்தது.

“சூசைப்பிள்ளை. ஏன் பிள்ளை, அவரையும் காணேல்லையோ?”

தங்கமணி நின்றபடியே விசைப்பலகைக்குக் குனிந்து, ஆசிரியர் பகுதியில் சூசைப்பிள்ளை என்று தட்டினார். கடைசி விசையை அழுத்தாமல் ஒதுங்கி நின்று, நீங்களே அழுத்துங்கள் ஐயா என்று கையைக் காட்டினார்.

வந்தது. வீட்டுப் பண்ணை முறைகள், 1984, நூற்றுப் பன்னிரண்டு பக்கம், எட்டுப் படங்கள்.

அந்தோனிப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு இரண்டு கையையும் விரித்துச் சபையைப் பார்த்துத் திரும்பினார்.

“என்ர அப்பா கையெழுத்துக்குப் பதிலா ரேகை வச்ச மனுசன். இண்டைக்கு அவர் புத்தகம் எழுதியிருக்கிறார்.”

அப்போது எழுந்த சிரிப்பும் கைதட்டலும் கீழே தையல் கடைக்காரரை மேலே ஏறி வந்து பார்க்க வைத்தன. பேத்தி ஓடிப்போய்த் திரையில் விரல் வைத்தது. ஜெயராஜ் என்ன நடந்தது என்று புரியாமல் நின்றார். தங்கமணி அவருக்கு மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி விளக்கினார்.

“உங்க பேர்ல புத்தகம் இருந்தாலும் இது உங்கள காட்டாது லா. நேரா உங்க அப்பாகிட்ட கொண்டுபோய் விட்டுடும்.”

ஜெயராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டையைத் தளர்த்திக்கொண்டு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

பெண்கள் பகுதியிலிருந்து ஒரு குரல், அப்படியானால் கல்யாணமானவர்கள் கதி என்ன என்று கேட்டது. தங்கமணி தயங்கினார். தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார், எதற்கு என்று தெரியாமலே. தங்கமணி சண்முகரத்தினம் என்று தட்டினார். ‘நூறு வகைப் பிட்டும் இடியப்பமும்’ என்று திரையில் வந்தது. தலைவரின் மனைவி கனகேஸ்வரி எழுதி, சங்கமே வெளியிட்ட சமையல் புத்தகம். முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அடுப்புப் பக்கமே போகாத மனிதர் அதன் ஆசிரியராகிவிட்டார். கனகேஸ்வரி இரண்டாம் வரிசையில் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனிமேல் காலைச் சாப்பாடு நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று அவர் சொன்னதற்குத் தலைவரும் சிரித்தார். அவர் பொதுவில் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

நிகழ்ச்சி நிரல் அதோடு போயிற்று. இரண்டு உரைகள் பாக்கி. யாரும் கேட்கவில்லை. ஆளாளுக்கு ஒரு புத்தகம் தேட வேண்டியிருந்தது. மேசையிலிருந்து மாடிப்படி வரைக்கும் வரிசை நின்றது. தங்கமணி உட்கார்ந்தார். ஜெயராஜ் பக்கத்தில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினார். ஒவ்வொருவரிடமும் முதலில் ஒரே கேள்விதான்: உங்களுக்கு எது நிச்சயமாகத் தெரியும்? பாம்புக்கடி வைத்தியம் பற்றி ஏதாவது இருந்தால் போதும் என்ற ரயில்வே பென்ஷன்காரருக்குப் பொருள் வழி, ஆங்கிலச் சொல்லோடு. தொடரின் இரண்டாம் பாகம் மட்டும் வேண்டும் என்ற கல்லூரிப் பெண்ணுக்குத் தலைப்பு வழி, அவளுக்கு முதல் சொல் சரியாகத் தெரிந்திருந்ததால். எழுதியவர் பெயர் தெரிந்தவர்களை அந்த எழுத்தாளருடைய அப்பாவின் பெயரையும் யோசித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். வரிசையில் ஆட்கள் ஒருவரையொருவர், அந்தக் கவிஞரின் அப்பா யார், தெரியுமா என்று விசாரித்துக்கொண்டார்கள். ஒரு கல்யாண வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது.

இருபத்திரண்டாவதாக நின்றவர் சாலாக் செலாத்தானிலிருந்து மினி பஸ்ஸில் வந்திருந்த நல்லம்மாள். தொழிற்சாலைக் கேண்டீனில் சமையல் வேலை. பதின்மூன்று வருடத்துக்கு முன் இந்த நூலகத்தில் எடுத்த ஒரு நாவலைப் பாதியில் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது, பிரசவம் முந்திக்கொண்டதால். முடிவு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. தலைப்பு தெரியாது. எழுதியவர் தெரியாது. எதைப் பற்றி என்று கேட்டால், ஒரு குடும்பம் என்றார். அட்டை கிழிந்திருந்ததால் நிறமும் தெரியாது.

இதற்கு வழியே இல்லை ஆன்டி, ஏதாவது ஒன்று தெரிந்தால்தானே என்று ஜெயராஜ் வருத்தத்தோடு சொன்னார். தங்கமணி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

“அக்கா, அந்தப் புத்தகத்த அலமாரியிலேருந்து எப்படி எடுத்தீங்க? குனிஞ்சா, நின்னா?”

நல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். வலது கை தானாக மேலே போனது.

“எட்டி எடுத்தேன். வயித்துல புள்ள, முட்டிக்கிட்டு இருந்துச்சு. ஜன்னல்காத்து மூஞ்சில அடிச்சுச்சு.”

தங்கமணி எழுந்தார். ஜன்னலை ஒட்டிய அலமாரி ஒன்றுதான். மேல்தட்டில் நாவல்கள், எண் வரிசை, 1978க்குப் பிறகு அந்தத் தட்டில் புதிதாகச் சேர்ந்தவை எவை என்று அவருக்குத் தெரியும். அவற்றைக் கழித்தால் பதினான்கு. பதினான்கில் பின்னாளில் புது அட்டை போட்டு பைண்டு செய்தவை மூன்று. கிழிந்த அட்டைக்குத்தானே பைண்டிங் போடுவார்கள். மூன்றையும் எடுத்துக் கொடுத்தார். நல்லம்மாள் முதலாவதைத் திறந்து ஒரு பக்கம் படித்தார், வைத்தார். இரண்டாவதைத் திறந்தார். நின்ற இடத்திலேயே படித்துக்கொண்டிருந்தார். வரிசை அவரைத் தாண்டி நகர்ந்தது. அவர் கவனிக்கவில்லை.

தேநீர் ஆறிப்போனது, வடை தீர்ந்துபோனது, மணி ஒன்றரை ஆனது. நாற்பத்தொரு பேர் கேட்டார்கள், முப்பத்தேழு புத்தகங்கள் கிடைத்தன. மீதி நான்கும் நூலகத்தில் இல்லை என்பது தங்கமணிக்குத் தேடாமலே தெரியும். இருந்தாலும் கேட்டவர்கள் கண் முன்னாலேயே தேடிக் காட்டினார்.

சண்முகரத்தினம் இவ்வளவு நேரமும் சுவரோரம், கயிறு கட்டிய கார்டு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கூட்டம் கலைந்ததும் தங்கமணியிடம் வந்து, பத்து நாளைக்கு முன் நீ சொன்னது இதைத்தானா என்று கேட்டார். இதைத்தான் என்றார் தங்கமணி. இன்னும் என்னென்ன தெரியும் என்று கேட்டார். தங்கமணி பின்னறைக்குப் போய், சர்க்கரை டின்னுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து வந்து கொடுத்தார். தலைவர் நின்றபடியே ஒன்பது நாள் பக்கங்களையும் படித்தார். ஓரிடத்தில் ஓர் எண்ணைக் கூட்டிச் சரிபார்த்தார், கணக்காய்வுக்காரர் இல்லையா.

பிறகு அறிவிப்புப் பலகைக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தகுதிகளில் மூன்றாவது வரியை அடித்தார். அடித்த இடத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். திருத்தினால் கையெழுத்திட வேண்டும் என்பது அவர் விதி.

“இயந்திரத்த எந்தச் சான்றிதழ்காரனும் ஓட்டுவான். ஆனா, ஆளப் பாத்து வழிய மாத்துறதுக்கு எனக்கு நீதான் வேணும். பெயரெல்லாத்தையும் சரி பண்ணிடுவியா?”

“பண்ணிடுறேன் சார். ஆனா அதுக்கு கார்டு வேணும். யாருக்கு யாரு அப்பான்னு அதுலதான் இருக்கு. கயித்த அவுத்துடலாமா?”

தலைவர் ஜெயராஜைப் பார்த்தார். ஜெயராஜ் பையில் கத்தரிக்கோலைத் தேடினார். கிடைக்கவில்லை. கீழே இறங்கித் தையல் கடைக்காரரிடம் வாங்கி வந்தார். மூன்று அலமாரிகளின் கயிறுகளும் அறுபட்டன. மரச்சாமான் கடைக்காரருக்கு, வர வேண்டாம் என்று அன்றே ஆள் போனது.

வேலாயுதம் அன்று மாலை லோரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு மனைவியைக் கூட்டிப்போக வந்தார். தன் பெயரில் பத்தொன்பது புத்தகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதைத் திரையில் போட்டுக் காட்டச் சொன்னார். இரண்டு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். இதை மட்டும் திருத்தாமல் விட முடியுமா என்று கேட்டார். முடியாது என்று தங்கமணி சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 2, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தங்கமணி நிரந்தரப் பணியாளராகக் கம்ப்யூட்டர் மேசையில் உட்கார்ந்தார். முதலில் திருத்தியது அந்தோனிப்பிள்ளையின் பெயரை, இரண்டாவது கனகேஸ்வரியின் பெயரை. அன்று மாலைக்குள் முப்பத்தாறு பெயர்கள் முடிந்தன. இன்னும் மூவாயிரத்து நூற்று இருபத்தாறு இருந்தன.